மேடையில் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’: பாட்டியையும் ஆறு வயதுப் பேரனையும் ஒன்றாக அழைத்துச் செல்லலாமா?

செம்பூர்வாசி எழுதியது:

மும்பைத் தமிழ் அன்பர்களுக்கு வணக்கம். பாந்திரா-குர்லா வளாகத்தில் இந்த 2023ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று திறக்கப்பட்ட நீதா முகேஷ் அம்பானி கலாசார மையத்தின் பெரிய அரங்கில், மே 3 முதல் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இசை நாடகம் நடந்துவருகிறது. கன்னியர் மடத்தில் இருந்த மரியா என்ற இளம்பெண், ஆஸ்திரியக் கடற்படை அதிகாரியான கேப்டன் ட்ராப்பின் ஏழு குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள வந்து, பாட்டால் அந்த வீட்டையே மாற்றும் கதை அது. 1959இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் முதன்முதலாக மேடையேறிய நாடகத்தின் மறு அரங்கேற்றத்தை வெளிநாட்டுக் குழு ஒன்று சுற்றுப்பயணமாகக் கொண்டுவந்திருக்கிறது. வழக்கமாக மே மாதம் பிறந்ததும் நாங்கள் கும்பகோணம் போய்விடுவோம். இம்முறை ரயிலில் இடம் கிடைக்காமல் விடுமுறை முழுவதும் செம்பூரிலேயே கழிகிறது என்பதால், குழந்தைகளுக்கு ஈடாக எதையாவது காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பார்க்கப்போகிறவர்கள் ஐந்து பேர். நானும் என் மனைவியும், பத்து வயது மகள், ஆறு வயது மகன், எழுபத்தொரு வயதான என் தாயார். அம்மா பள்ளி மாணவியாக இருந்தபோது, பள்ளியிலிருந்தே சென்னைக்கு அழைத்துச் சென்று இந்தத் திரைப்படத்தைக் காட்டினார்களாம். அன்று பார்த்த மலையும் புல்வெளியும் இன்றுவரை அவர் கண்ணில் நிற்கின்றன. ஆங்கிலம் படித்தால் புரிந்துகொள்வார். வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடும். ‘மேடையில் மலையை எப்படிக் கொண்டுவருவார்கள்? வேண்டாம்டா, நான் பார்த்தது அப்படியே இருக்கட்டும்’ என்கிறார். அவர் மறுப்பதற்குக் காரணம் இதுதானா, அல்லது நுழைவுச்சீட்டின் விலை காதில் விழுந்ததா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

என் ஐயங்கள் மூன்று. ஆறு வயதுப் பையன் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் உட்காருவானா? படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு நாடகம் ஏமாற்றமாக இருக்குமா? கதையின் பின்பாதியில் வரும் நாஜிகளைப் பற்றிச் சிறுவர்களுக்கு முன்கூட்டியே ஏதாவது சொல்லி வைக்க வேண்டுமா? நாடகத்தைப் பார்த்தவர்களோ, அதன் வரலாறு அறிந்தவர்களோ விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முலுண்ட் இசை ஆசிரியை எழுதியது:

உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டும் அதில் அடங்கிவிடும். உங்கள் தாயார் நாடகத்தைத் திரைப்படத்தின் சுருக்கப் பிரதியாக எண்ணுகிறார் என்று தோன்றுகிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. நாடகம் 1959 நவம்பர் 16 அன்று அரங்கேறியது. படம் வந்தது 1965இல். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையும் ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் பாடல்களும் அமைத்த அந்த முதல் அரங்கேற்றம் பிராட்வேயில் மட்டும் 1,443 முறை நடந்திருக்கிறது. மேடைக்கென்று எழுதப்பட்ட கதையைத்தான் படக்குழுவினர் மலைக்கு எடுத்துச் சென்றார்கள். ஆகவே மலை எங்கே என்று தேடாமல், மலை இல்லாதபோது இந்தக் கதை எதை நம்பி நின்றது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

தொடக்கமே வேறு. மூல நாடகம் கன்னியர் மடத்தில், இருட்டில், வாத்தியங்களின் துணையின்றிக் கன்னியாஸ்திரிகள் லத்தீன் மொழியில் பாடும் வழிபாட்டுடன் தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் மரியா வருகிறாள். நல்ல அரங்கில் அந்தக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் சில நிமிடங்களுக்கு நிகரான எதையும் திரையில் கேட்க முடியாது. பாடல்களின் இடமும் மாறியிருக்கும். இடிமின்னல் இரவில் பயந்து ஓடிவரும் குழந்தைகளுக்கு மரியா ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாடுவதாகத்தானே உங்கள் தாயார் நினைவு வைத்திருப்பார்? மூல நாடகத்தில் அதை மரியாவும் மடத்தின் தலைவியும் சேர்ந்து, மடத்தின் அறையில், கதை சூடுபிடிப்பதற்கு முன்பே பாடிவிடுகிறார்கள். இடிமின்னல் காட்சியில் வருவது ஆடு மேய்ப்பவனைப் பற்றிய பாட்டு. படத்தில் பொம்மலாட்டத்துடன் வருமே, அதுதான். இதை முன்பே சொல்லிவிட்டால் ‘பாட்டை மாற்றிவிட்டார்கள்’ என்ற குறை எழாது. உண்மையில் மாற்றியவர்கள் படக்காரர்கள்.

படத்தில் அடியோடு விடுபட்டுப்போன இரண்டு பாடல்களும் நாடகத்தில் உண்டு. கேப்டன் மணக்கவிருந்த வியன்னாச் சீமாட்டி எல்சாவும், நண்பர் மேக்ஸும் பாடுபவை அவை. அவற்றுள் இரண்டாவதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். ‘வருவது வரத்தான் போகிறது; நாம் வளைந்து கொடுத்துவிட்டால் நமக்கொன்றும் ஆகாது’ என்று இருவரும் கேப்டனுக்கு எடுத்துச் சொல்லும் வேடிக்கைப் பாட்டு அது. மெட்டு அவ்வளவு குதூகலமாக இருக்கும். பொருளோ வயிற்றைக் கலக்கும். படத்தில் கேப்டன் எல்சாவை விட்டு விலகுவது மரியாவின் மீதுள்ள காதலால். நாடகத்திலோ அந்தத் திருமணம் முறிவது, நாஜிகளுடன் ஒத்துப்போகலாமா கூடாதா என்ற கேள்வியில். காதல் பின்னால்தான் வருகிறது. குழந்தைகளுக்கான இனிப்புப் பண்டம் என்று இந்த நாடகத்தை ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பாட்டைக் கேட்காதவர்கள் என்பது என் கணிப்பு.

உங்கள் மகள் கர்நாடக இசை கற்கிறாளா என்று நீங்கள் சொல்லவில்லை. செம்பூர்க் குடும்பம் என்பதால் கற்கிறாள் என்றே வைத்துக்கொள்கிறேன். ‘டோ-ரே-மி’ பாடலை அவளுக்கு ஸ்வரமாகச் சொல்லிக்கொடுங்கள். அது சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் நகரும் மெட்டு. நடுவில் மரியா ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஸ்வரத்தைப் பிரித்துக் கொடுத்துப் பாடவைக்கும் தொடரை நம் முறையில் எழுதினால் ப-ச-த-ம-க-ச-ரி என்று வரும். தாண்டித் தாண்டிப் போகும் ஸ்வரங்கள். தாட்டு வரிசை பாடிப் பழகியவர்களுக்கு எளிது. என் மாணவிகள் இதை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வரங்கள் இயற்றினார் அல்லவா, அவற்றில் ‘சக்தி ஸஹித கணபதிம்’ தெரிந்த பிள்ளைக்குச் சங்கராபரணத்தின் அந்தத் துள்ளல் ஏற்கெனவே பழக்கமானதுதான். கேப்டன் பாடும் ‘எடல்வைஸ்’ மும்மூன்றாகத் தாளம் போடவேண்டிய பாட்டு. பையன் தொடையில் தட்டிக்கொண்டே கேட்கலாம்.

அந்த ‘எடல்வைஸ்’ பற்றி ஒரு சொல். ஆஸ்திரியாவின் பழைய நாட்டுப்பாடல் என்றும், தேசிய கீதம் என்றும்கூடப் பலர் எழுதுகிறார்கள். இரண்டுமில்லை. இந்த நாடகத்துக்காக, நியூயார்க்குக்கு வருமுன் பாஸ்டனில் வெள்ளோட்டம் நடந்தபோது எழுதிச் சேர்த்தது அது. கேப்டன் வேடமேற்ற தியோடர் பிக்கெல் கிட்டார் வாசித்து நாட்டுப்பாடல்கள் பாடுவதில் பெயர் பெற்றவர். அவருக்கு ஏற்றபடி ஒரு பாட்டு வேண்டும் என்று எழுதினார்கள். ஹாமர்ஸ்டைன் அப்போதே புற்றுநோயால் உடல் நலிந்திருந்தார். அவர் கடைசியாக எழுதிய பாடல் அதுதான். 1960 ஆகஸ்டில் அவர் காலமானார்.

நாஜிகள் பற்றி: கட்டாயம் சொல்லி வையுங்கள், ஆனால் சுருக்கமாக. 1938 மார்ச்சில் ஜெர்மனி பக்கத்து நாடான ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அந்தக் கடற்படை அதிகாரியைத் தம் படையில் சேரச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டுக் குடும்பத்துடன் வெளியேறினார். ஆறு வயதுக்கு இவ்வளவு போதும். பத்து வயதுப் பெண்ணிடம் இன்னொன்றையும் சொல்லலாம்: உண்மையான ட்ராப் குடும்பத்தார் மலையேறித் தப்பவில்லை. ரயில் ஏறி இத்தாலிக்குப் போனார்கள். சால்ஸ்பர்க்கிலிருந்து மலையைத் தாண்டினால் ஜெர்மனிக்குள்தான் இறங்க வேண்டியிருக்கும்!

மறக்கக் கூடாத ஒன்று. குடும்பம் மேடையேறிப் பாடும் விழாக் காட்சியில் நாஜிக் கொடிகளும் கைப்பட்டைகளும் வருவது வழக்கம். மும்பையில் வளரும் நம் பிள்ளைகள் ஸ்வஸ்திகச் சின்னத்தை வாசற்படியிலும் கல்யாணப் பத்திரிகையிலும் கடைக் கல்லாவிலும் பார்த்தே வளர்ந்தவர்கள். வில்லன்களின் கையில் அதைக் கண்டால் கேள்வி வராமல் இருக்காது. சிவப்புத் துணியில் வெள்ளை வட்டத்துக்குள் சாய்த்து வைத்த கறுப்புச் சின்னம் அவர்களுடையது என்பதையும், நம் வாசலில் இருப்பதற்கு அதைவிட எத்தனையோ நூற்றாண்டுகள் வயது கூடுதல் என்பதையும் வீட்டிலேயே சொல்லிவிட்டால், அரங்கின் நிசப்தத்தில் நீங்கள் கிசுகிசுக்க வேண்டியிராது.

மாட்டுங்காவின் பழைய நாடக ரசிகர் எழுதியது:

ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்தபின் என்னைப் போன்றவனுக்குச் சேர்க்க அதிகமில்லை. ஆனாலும் தாயாரின் மொழித் தயக்கம் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது.

நான் சிறுவனாக இருந்த காலத்தில், கோடை விடுமுறையில் சென்னைக்குப் போகும்போதெல்லாம் நடிகர் ஆர்.எஸ். மனோகரின் நாடகங்களுக்கு என் பெரியப்பா அழைத்துப் போவார். ‘இலங்கேஸ்வரன்’ பார்த்தேன். நான் பம்பாயில் இந்தியும் ஆங்கிலமும் படித்து வளர்ந்தவன். அந்த அடுக்குத்தமிழ் வசனத்தில் பாதிக்கு மேல் எனக்குப் புரிந்திராது. இருந்தும் படுதா ஏறியதும் வாயைப் பிளந்தவன், தந்திரக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வர, கடைசி வரை மூடவேயில்லை என்று பெரியம்மா சொல்லிச் சிரிப்பார். மேடையில் சொல் நம்மைத் தாண்டிப் போனாலும் ஆள் எதிரில் நிற்கிறார். உங்கள் தாயாருக்குக் கதை தெரியும், பாட்டு தெரியும். தெரிந்த கதையை வசனம் முழுக்கப் புரியாமல் பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிதன்று. விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லியிருப்பார்கள்?

ஏழு குழந்தைகள் மேடையேறும் நாடகம் என்றதும் எனக்கு நம் பாய்ஸ் கம்பெனிகள்தாம் நினைவுக்கு வந்தன. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, அரசன் முதல் கிழவி வரை எல்லா வேடங்களையும் சிறுவர்களே ஏற்றார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். சண்முகம் ஆறேழு வயதில் மேடையேறியவர். பிற்காலத்தில் ஒளவையார் வேடமிட்டு அந்தப் பெயரையே தம் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் கூட அப்படிப்பட்ட கம்பெனிகளில் சோறு உண்டு வளர்ந்த பிள்ளைகள்தாம். அந்தக் கம்பெனிகளில் எல்லாரும் அஞ்சிய சொல் ஒன்றுண்டு: மகரக்கட்டு. குரல் உடைந்ததும், நேற்றுவரை கதாநாயகனாகப் பாடிக்கொண்டிருந்த பையன் இன்று ஒரு வரி வசனத்துக்குக் காத்திருப்பான்.

வெளிநாட்டு இசை நாடகங்களிலும் இதே இயற்கைதான்; பிள்ளைகள் உயரம் கூடினால், குரல் மாறினால் ஆளை மாற்ற வேண்டும். ஆனால் அவர்கள் ஒரே வேடத்துக்கு இரண்டு மூன்று குழந்தைகளைத் தயார் செய்து, முறைவைத்து மேடையேற்றுவது வழக்கம். ஒரு பிள்ளை நாள்தோறும் களைத்துப்போகும்படி விடுவதில்லை. நம் கம்பெனிப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொரு வேற்றுமை குரல். அந்தக் கால நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை; கொட்டகையின் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் கேட்கும்படி பாடினார். இவர்கள் தலைமுடிக்குள் ஒட்டவைத்த சின்னஞ்சிறு மைக்கில் பாடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மெல்லப் பாடவும், கிசுகிசுக்கவும் அதனால்தான் முடிகிறது. வாத்தியக்காரர்கள் இருந்தால் மேடைக்கு முன்னாலுள்ள பள்ளத்தில் இருப்பார்கள். இடைவேளையில் பேரனை அழைத்துப்போய் எட்டிப்பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அந்த வயதில் ஆர்மோனியக்காரரின் விரல்களைப் பார்ப்பதில்தான் பாதி நாடகம் போயிற்று.

விக்ரோளி கணக்கர் எழுதியது:

எல்லாரும் போகச் சொல்கிறீர்கள். யாராவது ஒருவர் மாற்றுக் கருத்தும் சொல்லத்தானே வேண்டும்? ஐந்து பேருக்குச் சீட்டு வாங்கும் பணத்தில், ஷண்முகானந்தா அரங்கில் ஒரு வருடத்துக் கச்சேரிகளைக் கேட்டுவிடலாம். மேலும் குழந்தை அழுதால் யாராவது ஒருவர் வெளியே போய் உட்கார வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது போகும் வழியிலேயே தெரிந்துவிடும், அது நம் வீடுகளில் எப்போதும் அம்மாதான். சிறியவனை விட்டுவிட்டு நால்வராகப் போனால் எல்லாருக்கும் நிம்மதி என்பது என் எளிய கணக்கு.

தானேயிலிருந்து ஒரு தாய் எழுதியது:

கணக்கர் ஐயா சொன்னதில் கடைசி வரிக்கு முந்தைய வரி மிகவும் உண்மை. வெளியே போய் உட்கார்ந்தவள் நான்தான். ஆனாலும் சிறியவனை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல மாட்டேன்.

சென்ற வாரம் ஏழு வயதும் ஐந்தரை வயதும் ஆன என் பெண்களுடன் போனேன். நாங்கள் செய்த பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். தானேயிலிருந்து குர்லா வரை ரயிலில் வந்து அங்கிருந்து ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம் என்று கடைசி நேரத்தில் கிளம்பினோம். மாலை நேரத்தில் குர்லா மேற்கில் ஆட்டோவுக்கு நிற்கும் கூட்டத்தை நான் மறந்தது என் தவறு. தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். பார்வையாளர்களுக்கு இடையூறு இல்லாத ஒரு தருணம் வரும்வரை வாசலில் நிறுத்திவைத்துப் பிறகு உள்ளே விட்டார்கள். அப்படித்தான் விட வேண்டும். ஆனால் ஆசிரியை அம்மா எழுதிய அந்தத் தொடக்க வழிபாட்டை நாங்கள் கதவுக்கு வெளியே நின்று இழந்தோம். நீங்கள் செம்பூரிலிருந்து வருவதால் சுனாபட்டி மேம்பாலம் வழியாக நேரே பாந்திரா-குர்லா வளாகத்துக்குள் இறங்கிவிடலாம், இருந்தாலும் முக்கால் மணி நேரம் முன்னதாக இருங்கள். பாட்டி நடக்க வேண்டியிருக்கும், வளாகம் பெரிது, குளிரூட்டலும் பலமாக இருக்கும். ஒரு சால்வை, கண்டிப்பாக.

இருக்கை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. 2,000 பேர் அமரும் அரங்கு. முன்வரிசைக்கு விலையைக் கொட்டிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். கீழ்த்தளத்தில் முன்னால் உயரமான ஒருவர் வந்து அமர்ந்தால் ஆறு வயதுப் பையனுக்கு அவருடைய முதுகுதான் நாடகம். நாங்கள் மாடியில் முதல் வரிசைகளில் இருந்தோம். ஏழு பிள்ளைகளும் தந்தையின் ஊதல் சத்தத்துக்கு வரிசையில் வந்து நின்று, பெயர் சொல்லி ஓர் அடி முன்னே வைத்துப் பின்வாங்கும் அழகு மேலிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரிகிறது. முகபாவம் சற்றுத் தொலைவுதான்.

இப்போது உட்காருவானா என்ற கேள்வி. பிள்ளைகள் மேடையில் இருக்கும்வரை என் சின்னவள் அசையவில்லை. பெரியவர்கள் பேசத் தொடங்கினால் கால் ஆடத் தொடங்கும். முதல் பாதியின் கடைசியில் மடத்தலைவி தனியாக நின்று மலைகளை ஏறச் சொல்லிப் பாடுகிறாரே, எனக்குக் கண்ணீர் வந்த இடம் அது, அந்த இடத்தில் அவள் என் மடியில் தூங்கிவிட்டாள். எழுப்பியபோதுதான் அழுகை, அதனால்தான் நான் வெளியே உட்கார நேர்ந்தது. பகல் காட்சி கிடைத்தால் அதையே எடுங்கள், மதியம் தூங்கவைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். வயது குறித்த விதியை மட்டும் சீட்டு வாங்கும் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவள் கேட்ட கேள்வி ஒன்று: ‘கடலே இல்லாத ஊரில் எதற்கு அம்மா கப்பல் கேப்டன்?’ எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

முலுண்ட் இசை ஆசிரியை எழுதியது:

மிக நல்ல கேள்வி. அந்தக் குழந்தைக்கு என் ஆசிகள். முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசுக்கு ஏட்ரியாட்டிக் கரையோரம் கடலும் கடற்படையும் இருந்தன. ட்ராப் அதில் நீர்மூழ்கிக் கப்பல் தலைவர். 1918இல் பேரரசு உடைந்தபோது கரையெல்லாம் பிற நாடுகளுக்குப் போய், ஆஸ்திரியா நிலத்தால் சூழப்பட்ட சிறு நாடாகிவிட்டது. கப்பலும் இல்லை, கடலும் இல்லை, ஊதல் மட்டும் மிச்சம். அவர் பிறந்த ஸாரா நகரம் அப்போது இத்தாலிக்குப் போய்விட்டதால் குடும்பத்துக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது. ரயில் ஏறி அங்கே போக முடிந்ததற்கும் அதுவே காரணம்.

அவர் உண்மையில் அந்த ஊதலைப் பயன்படுத்தியவர்தாம். தோட்டத்தில் எங்கெங்கோ விளையாடும் பிள்ளைகளைக் கூப்பிட அது வசதியாம். ஆனால் நாடகத்தில் வருவதுபோல் கடுகடுப்பான தந்தை அல்லர் என்று அவர் பிள்ளைகள் வளர்ந்தபின் வருத்தத்துடன் சொல்லியிருக்கிறார்கள். கதைக்கு ஒரு கல்மனம் தேவைப்பட்டது, பாவம், அவர் அகப்பட்டுக்கொண்டார்.

செம்பூர்வாசி எழுதியது:

நண்பர்களே, நேற்று ஞாயிறு பகல் காட்சிக்கு ஐவரும் போய்வந்தோம். அம்மாவை இணங்கவைத்தது மாட்டுங்கா ஐயாவின் மடல்தான். அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மகரக்கட்டு என்ற சொல்லைக் கேட்டதும், தன் மாமா ஒருவர் சிறுவயதில் நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போய்க் குரல் உடைந்தபின் வீடு திரும்பிய கதையைச் சொன்னார். நாற்பத்து மூன்று வயதாகிறது எனக்கு. இப்படி ஒரு தாத்தா எங்கள் குடும்பத்தில் இருந்தார் என்பதையே நேற்று முன்தினம்தான் அறிந்தேன்.

மாடியில்தான் அமர்ந்தோம். தொடக்க வழிபாட்டின்போது அம்மா கைகளைக் கூப்பிக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மலை வந்ததா என்றால், வரவில்லை. தீட்டிய படுதாவும் ஒளியும்தாம். ‘பரவாயில்லை, மரியா மலையைப் பார்க்கிறாள், அது போதும்’ என்றார். மகள் ப-ச-த-ம-க-ச-ரி வந்தபோது என் கையைக் கிள்ளிய தழும்பு இன்னும் இருக்கிறது. எல்சாவும் மேக்ஸும் பாடிய அந்தப் பாட்டுக்கு எங்களைச் சுற்றி நிறையப் பேர் தாளம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டிருப்பேன், ஆசிரியை அம்மா முன்கூட்டியே எச்சரிக்காவிட்டால்.

மகன் இரண்டாவது பாதியில் இரண்டு முறை ‘முடிந்துவிட்டதா?’ என்று கேட்டான். அவ்வளவுதான். கைப்பட்டைக் கேள்வியை வீட்டிலேயே முடித்திருந்ததால், அதைக் கண்டதும் ‘இது சாய்ந்தது’ என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அம்மாவுக்கு ஒரே ஒரு மனத்தாங்கல். மடத்தில் குடும்பம் ஒளிந்திருக்கும்போது, மூத்த பெண்ணைக் காதலித்த அந்த இளைஞன் ரோல்ஃப், படத்தில் ஊதலை ஊதிக் காட்டிக்கொடுத்துவிடுவான். நாடகத்தில் அவளைக் கண்டதும் ‘இங்கே யாருமில்லை’ என்று கத்திவிட்டுப் போய்விடுகிறான். ‘இவ்வளவு நல்லவனாக ஆக்கியிருக்க வேண்டாம். அந்த வயதுப் பையன்கள் ஊதத்தான் செய்வார்கள்’ என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் மனைவியும் அவன் ஊதாததே நல்லது என்று வாதிட்டோம். சுனாபட்டி மேம்பாலம் முடியும்வரை தீர்வு ஏற்படவில்லை.

மாட்டுங்காவின் பழைய நாடக ரசிகர் எழுதியது:

தாயார் பக்கம்தான் நான். அந்த ஓடிப்போன மாமா எந்தக் கம்பெனியில் இருந்தார், என்ன வேடம் கட்டினார் என்று தயவுசெய்து கேட்டு எழுதுங்கள்.

செம்பூர்வாசி எழுதியது:

கேட்டேன் ஐயா. கம்பெனியின் பெயர் அவருக்கு நினைவில்லை. ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், மட்டுமே கட்டினாராம். திரும்பி வந்தபின் கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்தார். மற்றவற்றை அம்மா நினைவுபடுத்திச் சொல்லும்போது தனி இழையாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஓர் ஊதலை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைக்கும் வேலையில் இருக்கிறேன். பையனுக்கு அதை வாங்கிக் கொடுத்தவர் அவனுடைய பாட்டி.